அட்வான்ஸ் என்று ஒரே சொல், உள்ளே மூன்று பணம்: ஒரு கல்யாண மண்டபக் கணக்கு

வாடகை வீடு பார்க்கிறவருக்கு அட்வான்ஸ் என்றால் காலி பண்ணும்போது திரும்பி வருகிற பணம். பெயின்டுக்கு, ஓட்டை பைப்புக்கு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். மனை வாங்குகிறவருக்கு அதே அட்வான்ஸ் அச்சாரம். கிரயமானால் விலையில் கழியும், பின்வாங்கினால் கைவிட்டுப் போகும். கல்யாண மண்டபத்தில் மேனேஜர் "அட்வான்ஸ் குடுங்க சார்" என்று சொல்லும்போது இதில் எதைச் சொல்கிறார் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் முதல் நாள் கேட்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன், தினமும் அடுத்தவர் ரசீதைக் குடைகிறவன், அக்கா மகள் கல்யாணம் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஐம்பதாயிரத்தை நீட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மண்டபத்தின் பெயர் வேண்டாம், அந்த மேனேஜர் ஒன்றும் கெட்டவர் இல்லை.

மண்டபம் பிடித்தது

2024 ஆவணி. அக்கா வீடு கடலூர் புதுப்பாளையம், மாப்பிள்ளை வீடு புதுச்சேரி வில்லியனூர். அக்காவுக்குத் திருவந்திபுரத்தில் முடித்துவிட ஆசை. தேவநாத சுவாமி சன்னதியில் தாலி, பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு, செலவும் பாதியாகும். ஆனால் முகூர்த்த நாளில் அந்த ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும், மலைப்படியில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வரிசை கட்டி நிற்கும், கீழே தெருவில் வேன் நகராது, யார் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்றே குழம்பிப்போகும். சம்பந்தி வீட்டில் ஏசி மண்டபம், கார் நிறுத்த இடம், முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, இதிலெல்லாம் விட்டுக்கொடுக்கவில்லை. மண்டபச் செலவு பாதிப் பாதி என்று பேசி, இரண்டு ஊருக்கும் நடுவாக, முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மண்டபம் பார்த்தோம். தேதி 2025 பிப்ரவரி 2, தை மாதத்து ஞாயிறு, வளர்பிறை.

"வாடகை ஒன்னு எம்பது சார். முத நாள் மூணு மணிக்கு சாவி, மறுநாள் மூணு மணிக்கு காலி. அம்பது அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா தேதி உங்களுது." அவ்வளவுதான் மேனேஜர் சொன்னது. கூடவே குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: முழுக்க ரொக்கமாகக் கொடுத்தால் பில் வேண்டாம், வரியும் வேண்டாம்.

வரி சின்னத் தொகை இல்லை. மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய்க்கு 32,400, ஆக மொத்தம் 2,12,400. சம்பந்தி உடனே மடங்கினார். "முப்பத்திரண்டாயிரம் மிச்சம்னா ஒரு பந்திக்கு ஆச்சே" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆபீஸ் புத்தி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. நான்கு தவணையாகப் பிரித்து வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்று என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள், வாங்கின தொகை அளவுக்கே வாங்கினவருக்கு அபராதம். வாடகை 1,80,000 மட்டும் என்றால் வரம்புக்குள்தான், மேற்கொண்டு ஏதாவது ரொக்கமாகச் சேர்ந்தால் தாண்டிவிடும்; அது அவர் கவலை. எங்கள் கவலை வேறு. பில் இல்லாமல் பணம் கொடுத்துவிட்டு நாளைக்கு ஒரு தகராறு என்றால் எதைக் காட்டுவது? "மாமா, ரசீது இல்லாத பணம் மொய்ப் பணம் மாதிரி, எழுதிக்கிட்டவன் சொல்றதுதான் கணக்கு" என்றேன் அக்கா வீட்டுக்காரரிடம். அவர் தலையாட்டினார், சம்பந்தி முகம் கொஞ்சம் சுருங்கியது. வங்கிக் கணக்கு வழியாகவே போட்டோம்.

சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால், வாங்கின அன்றே அதற்கு ஜிஎஸ்டி கட்டும் பொறுப்பு மண்டபத்துக்கு வந்துவிடுகிறது. பொருள் விற்பவருக்கு அந்தத் தொல்லை 2017 நவம்பரிலேயே நீங்கிவிட்டது, சேவைக்கு நீங்கவில்லை. ஆகையால் அட்வான்ஸ் வாங்கும்போதே வரி பிரித்துக் காட்டிய ரசீது தர வேண்டும், நிகழ்ச்சி நடக்காமல் பணத்தைத் திருப்பினால் அதற்கும் தனியாக ஒரு சீட்டு போட வேண்டும். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. நாங்கள் கடலூர்க்காரர்கள் என்பதால் வரி மாறாது, கட்டடம் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர்க் கணக்குதான். ரசீதில் அச்சடித்த எண்ணை போர்ட்டலில் போட்டுப் பார்த்தேன், 34 என்று தொடங்கியது, அதே பெயர் வந்தது. சரி, இது வரைக்கும் நான் சமர்த்துதான்.

சமர்த்து தீர்ந்துபோனது ரசீதின் பின்பக்கத்தில். சாம்பல் நிற மையில் எறும்பு ஊர்ந்த மாதிரி பதினான்கு நிபந்தனை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

பின்பக்கத்தில் இருந்தது

டிசம்பர் ஆரம்பத்தில்தான் அதைப் படித்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது, மழை கொட்டித் தீர்த்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணைக் கரையோரம் தண்ணீர் புகுந்து கடலூரே இரண்டு மூன்று நாள் படாதபாடு பட்டது. அந்தக் கலவரத்தில் மண்டபத்திலிருந்து போன்: "சார், நாலாம் தேதி ரெண்டாவது தவணை." என்ன தவணை என்று ரசீதைத் தேடி எடுத்தால், அறுபது நாள் முன்பு மொத்தத்தில் பாதி, பதினைந்து நாள் முன்பு முழுத் தொகை, அதோடு 40,000 டெபாசிட் என்று போட்டிருக்கிறது. மாமா வெள்ளத்தில் நனைந்த கட்டிலை மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாள் தள்ளி 56,200 போட்டோம். அதோடு பாதி, 1,06,200 சேர்ந்தது. தாமதத்துக்கு மேனேஜர் எதுவும் கேட்கவில்லை, அவர் மண்டப வாசலிலேயே முழங்கால் தண்ணீர் என்றார்.

அன்று உட்கார்ந்து பதினான்கையும் படித்தபோதுதான், நான் கொடுத்ததும் கொடுக்கப்போவதும் மூன்று வெவ்வேறு பணம் என்று உறைத்தது. முதல் 50,000 தேதியைப் பிடித்து வைப்பதற்கு, அதாவது அச்சாரம். கல்யாணம் நடந்தால் வாடகையில் சேரும், நடக்காவிட்டால் மண்டபத்துக்கு. இரண்டாவது, மூன்றாவது தவணைகள் வாடகையேதான், முன்னாலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அந்த 40,000 மட்டும்தான் நம் பணம். கரண்ட், ஜெனரேட்டர், சுத்தம் செய்வது, உடைசல் எல்லாம் கழித்து மீதி திரும்பி வர வேண்டியது. ஆனால் மேனேஜர் வாயில் மூன்றுக்கும் ஒரே பெயர் அட்வான்ஸ். பெயரைப் பொறுத்து வரியும் மாறுகிறது என்பது என் துறை: அச்சாரத்துக்கும் வாடகைத் தவணைக்கும் ஜிஎஸ்டி உண்டு, டெபாசிட்டை டெபாசிட்டாக வைத்திருக்கும் வரை கிடையாது, அதிலிருந்து கட்டணமாகக் கழித்துக்கொள்ளும் பகுதிக்கு மட்டும் வரும். டெபாசிட்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் போட்டு வாங்கிய ஒரு பில்லை எங்கள் ஆபீஸில் பார்த்திருக்கிறேன்.

ரத்து செய்தால் என்ன என்பதும் அங்கேதான் இருந்தது. அறுபது நாளுக்கு மேல் இருந்தால் முதல் 50,000 மட்டும் போகும். அறுபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் என்றால் கட்டியதில் பாதி போகும். முப்பது நாளுக்குள் என்றால் எதுவும் திரும்பாது. தேதி மாற்றுவது ரத்துக்குச் சமம், புது புக்கிங்காகக் கருதப்படும்.

முதல் பார்வையில் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஆனால் மண்டபக்காரர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த அறுபது, முப்பது வெறும் எண் இல்லை. ஆடியில் யாரும் வைப்பதில்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் மாதங்களில் வளர்பிறை, கிழமை, ராசி எல்லாம் பொருந்தி, அதுவும் ஞாயிறாக அமைவது விரல்விட்டு எண்ணுகிற நாட்கள். வாட்ச்மேன் சம்பளமும் ஏசி சர்வீஸும் வருஷம் முழுக்க. தை மாதத்து ஞாயிறை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு வந்து கேட்ட ஐந்து பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார். இரண்டு மாதம் முன்னால் சொன்னால் இன்னொருவர் கிடைப்பார். ஒரு மாதத்துக்குள் என்றால் பத்திரிகை அடித்து, சமையல் மாஸ்டருக்கு முன்பணம் கொடுத்து முடித்திருப்பார்கள், மண்டபம் இல்லாமல் யார் காத்திருப்பார்? அந்த அட்டவணைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதுதான் ஜனவரியில் கேள்வியானது.

ஜனவரி 12

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிவிட்டார். பங்காளி வீடு, பதினாறாம் நாள் காரியம் ஜனவரி 27. கணக்குப் போட்டால் பிப்ரவரி 2-க்கு முன்னாலேயே தீட்டு கழிந்துவிடுகிறது. ஆனால் காரியம் முடிந்த ஆறாம் நாள் அந்த வீட்டில் மேளம் கொட்டுவதா என்று வில்லியனூரில் பெரியவர்கள் ஒருவர்கூட சம்மதிக்கவில்லை. சம்பந்தி போனில் அழுதார், அண்ணனைப் பறிகொடுத்தவரிடம் மண்டபக் கணக்கு பேச முடியுமா? வைகாசிக்குத் தள்ளிவைத்தோம்.

அன்றைக்குச் சரியாக இருபத்தொரு நாள் மீதம். பின்பக்க நிபந்தனைப்படி 1,06,200 போச்சு.

மறுநாளே மண்டபத்துக்கு ஒரு கடிதம் எழுதி மெயிலிலும் வாட்ஸாப்பிலும் அனுப்பச் சொன்னேன், மாமா பெயரில், ஏனென்றால் ரசீது மாமா பெயரில் இருக்கிறது. பாதிப் பாதி என்பது நமக்குள் இருக்கிற பேச்சு, மண்டபத்துக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான். இதைச் சொல்லக் காரணம், சம்பந்தி பங்கு முழுக்க மாமா கைக்கு வந்து அவர் கணக்கிலிருந்தே போயிருந்தது. இரண்டு பெயரில் ரசீது இருந்திருந்தால் யார் கடிதம் எழுதுவது என்பதற்கே இரண்டு நாள் ஆகியிருக்கும். கடிதம் என்ன தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்த மாதிரி விஷயத்தில் முக்கியம்; போனில் சொன்னதை "நீங்க அப்பவே சொல்லலையே சார்" என்று ஒரே வரியில் அழித்துவிடலாம்.

பொங்கல் முடிந்து நேரில் போனோம். மேனேஜர் எழுந்து நின்று துக்கம் விசாரித்தார், காபி சொன்னார், அப்புறம் நிபந்தனையைக் காட்டினார். வைகாசிக்கு வேண்டுமென்றால் புது புக்கிங், ஏப்ரலிலிருந்து வாடகை 1,95,000, வரியோடு 2,30,100. போனதையும் சேர்த்தால் ஒரே கல்யாணத்துக்கு மண்டபம் 3,36,300. மாமா வெளியே வந்து பைக்கைக்கூட எடுக்காமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "திருவந்திபுரம்னு உங்க அக்கா அப்பவே சொன்னா" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

திருப்பம் வந்தது டெகரேஷன் பையனிடமிருந்து. அவனுக்கு 10,000 கொடுத்து வைத்திருந்தோம், தேதி மாறியதைச் சொல்லப் போன் பண்ணினால், "பரவால்லண்ணே, உங்க காசு அப்படியே இருக்கட்டும், வைகாசில பாத்துக்கலாம். ரெண்டாம் தேதி அங்கயே எனக்கு வேற ஆர்டர் வந்துடுச்சு" என்றான்.

அங்கேயே என்றால்? அதே மண்டபம், அதே தேதி. காத்திருந்த பட்டியலில் இருந்த ஒருவருக்கு, எங்கள் கடிதம் போன மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார்கள்.

நஷ்டம் எங்கே?

கோர்ட்டில் எனக்கு ஒரு வக்கீல் நண்பர், டீக்கடையில் கேட்டேன். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் 'மீறினால் இவ்வளவு' என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது; அது உச்சவரம்பு மட்டும்தான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவு. 1963-இலேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. 2015-இல் வந்த கைலாஷ் நாத் வழக்கு எங்கள் கதைக்கு இன்னும் பக்கம். டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட மனைக்கு ஒரு நிறுவனம் 3.12 கோடி கேட்டு, கால் பங்கான 78 லட்சத்தை அச்சாரமாகக் கட்டியது. மீதி வரவில்லை என்று ஆணையம் அச்சாரத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனையைப் பிறகு மறு ஏலத்தில் 11.78 கோடிக்கு விற்றது. உனக்கு நஷ்டமே இல்லையே, பிறகு எதற்குப் பறிமுதல் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் ஒப்பந்தத்தை மீறியது அந்த நிறுவனம் இல்லை என்பதும் ஒரு காரணம். எங்கள் விஷயத்தில் தேதியை விட்டது நாங்கள்தான். அந்த வேறுபாட்டையும் நண்பர் மறைக்காமல் சொன்னார். ஆனாலும் நஷ்டமில்லாத இடத்தில் முழுப் பறிமுதல் நிற்காது என்ற பிடி எங்களுக்குப் போதும்.

இன்னொன்று, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாங்குகிறவர் தவறினால் ஏற்படும் நஷ்டத்துக்குப் பொருத்தமில்லாத அளவு அபராதம் போடுவதையும் அளவுக்கு மீறின டெபாசிட் கேட்பதையும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கணக்கில் அது சேர்க்கிறது. ரசீதின் பின்னால் 'வழக்குகள் புதுச்சேரி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை' என்று அச்சடித்திருந்தாலும், சாதாரண நுகர்வோர் புகாரை நாம் குடியிருக்கும் ஊரிலேயே, கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம்; 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதையே புகாராக வைத்தால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். பெரியப்பா இறந்தது எங்கள் பக்கத்துக் காரணம், மண்டபம் தரத் தயாராகத்தான் இருந்தது. கொரோனா ஊரடங்கில் அரசாங்கமே மண்டபங்களை மூடச் சொன்ன மாதிரி, நிகழ்ச்சி நடத்தவே முடியாத நிலை இல்லை. அப்படிப்பட்ட நிலையில் வாங்கின பணத்தைத் திருப்ப வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது, எங்களுக்கு அது பொருந்தாது. ஆகையால் முழுப் பணமும் கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்று நானே நினைத்தேன். அவருக்குத் தொந்தரவு கொடுத்திருக்கிறோம், அதற்கு ஒரு தொகை தர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை போனபோது குரல் உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் கெட்டிருக்கும். "அந்தத் தேதி கொடுத்துட்டீங்களாமே, சந்தோஷம், உங்களுக்கும் நஷ்டமில்ல" என்று ஆரம்பித்தேன். மேனேஜர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். முதலாளி அன்று மாலையே போனில் வந்தார், வயதானவர், மாமாவிடம் பேசினார். "தம்பி, சாவு வீட்ல நான் லாபம் பாக்கல. ஆனா நாளைக்கு எல்லாரும் இதையே கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை. கடைசியில் பேசி முடித்தது: கட்டிய 1,06,200 அப்படியே வைகாசித் தேதிக்கு மாறும், பழைய வாடகையே, தேதி மாற்றியதற்கு வரி சேர்த்து 15,000 கூடுதல். ஆக மொத்தம் 2,27,400, பாக்கி 1,21,200. ஞாயிறு கிடைக்கவில்லை, ஜூன் முதல் வாரத்து வியாழக்கிழமைதான் கொடுத்தார், கிழமைநாளாக இருந்ததும் அவர் இறங்கி வந்ததற்கு ஒரு காரணம்.

பதினைந்தாயிரம் அதிகம் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு அது சரியான தொகைதான்.

பேனாவால் எழுதிய நான்கு வரி

புது ரசீது போட்டபோது நான் முன்பக்கத்தில், அச்சடித்த கட்டத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், நீல மையில் நான்கு வரி எழுதி மேனேஜரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். 'ரூ.1,06,200 முந்தைய ரசீதிலிருந்து வாடகையில் வரவு. பாக்கியில் ரூ.1,01,200 பத்து நாள் முன்பு, ரூ.20,000 சாவி பெறும்போது. டெபாசிட் ரூ.40,000 தனி, நிகழ்ச்சி முடிந்து ஏழு நாளில் கணக்குடன் திருப்பப்படும். மண்டபத் தரப்பில் நடத்த முடியாமல் போனால் முழுத் தொகையும் திரும்பும்.' கடைசி வரியைப் பார்த்து அவர் சிரித்தார், பதினான்கு நிபந்தனையிலும் மண்டபம் தவறினால் என்ன என்று ஒரு வரி இல்லை என்று காட்டினேன். கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். கேட்டால் போடுகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இருபதாயிரத்தைச் சாவி நாளுக்கு ஒதுக்கி வைத்ததற்குக் காரணம், எல்லாம் கட்டி முடித்துவிட்டால் பெண் அறையில் ஏசி ஓடாவிட்டால்கூட அன்றைக்கு நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. டெபாசிட்டை வாடகையோடு கலக்காமல் தனியாகப் போட்டு, குறிப்பில் 'டெபாசிட்' என்றே எழுதினேன். சமையல், மேளம், போட்டோ இவர்கள் முன்பணமெல்லாம் பேச்சோடு மாறிக்கொண்டது, ஒருவரும் தகராறு செய்யவில்லை. போட்டோக்காரர் மட்டும் மூவாயிரம் கூடுதலாகக் கேட்டார்.

மீட்டர் பெட்டி

சாவி வாங்கும் நாள், மதியம் மூன்று பத்து. மற்றவர்கள் சீர்வரிசைத் தட்டு இறக்கிக்கொண்டிருக்க, நான் வாட்ச்மேனோடு டைனிங் ஹால் மாடிப்படிக்கு அடியில் போனேன். கதவில்லாத மரப்பெட்டி, ஓரத்தில் பல்லி முட்டை, கண்ணாடி மேல் மஞ்சள் தூசி. கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்: 48216. போனில் படம் எடுத்தேன், வாட்ச்மேன் கையும் அதில் விழுந்துவிட்டது, அது நல்லதாகவே போனது. உடனே மேனேஜர் வாட்ஸாப்புக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. விடிகாலை நான்கிலிருந்து ஆறு வரை கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடியது.

மறுநாள் காலி செய்யும்போது ரீடிங் 49066. ஐந்தாம் நாள் மேனேஜர் கணக்குச் சீட்டு அனுப்பினார். ஆரம்ப ரீடிங் 48081 என்று போட்டு, 985 யூனிட், யூனிட்டுக்கு வரி சேர்த்து 20 ரூபாய் என்று 19,700. சுத்தம் செய்ய 8,000. ஜெனரேட்டர் இரண்டு மணி நேரத்துக்கு 3,600. வரவேற்புச் சுவரில் பெயின்ட் உரிந்ததற்கு 3,000. மீதி 5,700.

என் படத்தைத் திருப்பி அனுப்பினேன். 135 யூனிட் வித்தியாசம், 2,700 ரூபாய். அவர் ஏமாற்றவில்லை, அவர் நோட்டில் இருந்தது முந்தைய கல்யாணம் முடிந்தபோது எடுத்த ரீடிங். நடுவில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மோட்டார் ஓடியிருக்கிறது, தரை கழுவும் மெஷின் ஓடியிருக்கிறது. எங்கள் டெகரேஷன் பையனும் காலையிலேயே போய் சீரியல் லைட் போட்டுப் பார்த்திருக்கிறான், அதையும் நானே சொல்லிவிட்டேன். "விடுங்க சார், உங்க ரீடிங்கே வச்சுக்கலாம்" என்றார். 850 யூனிட், 17,000.

சுவர் விஷயத்தில் தப்பு எங்களுடையது. மாப்பிள்ளையின் நண்பர்கள் பேனரை டபுள் டேப்பில் ஒட்டி, போகும்போது இழுத்துப் பிய்த்ததில் பெயின்ட் உள்ளங்கை அளவுக்கு மூன்று இடத்தில் கையோடு வந்துவிட்டது. முழுச் சுவருக்கும் அடிக்க வேண்டும் என்று அவர், அந்த மூன்று இடத்துக்கு மட்டும் போதும் என்று நான். 1,500-க்கு முடித்தோம். ஆக 40,000-இல் 30,100 போக 9,900. ஏழு நாளில் வரவில்லை. எட்டாம் நாள் நீல மையில் எழுதிய மூன்றாவது வரியைப் படம் எடுத்து அனுப்பினேன், அன்று சாயங்காலம் மாமா கணக்கில் ஏறியது.

அதில் பாதி, 4,950, சம்பந்திக்கு அனுப்பச் சொன்னேன். அவர் உடனே மாமாவுக்குப் போன் பண்ணினார். "இதெல்லாம் திருப்பித் தருவாங்களா? எங்க பெரியவனுக்கு வச்சப்ப ஒன்னும் வரலையே" என்றார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மாமா கேட்டிருக்கிறார். ரசீதைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாராம்.